எச்ஓஏ நோட்டீஸ்: வீட்டுக்குப் பின்னால் போட்ட புடலைப் பந்தலை எடுக்கச் சொல்கிறார்கள் (டெக்சாஸ்)

நெல்லைக்காரன் | ஜூன் 8

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே, கோலின் கவுண்டியில் நான்கு வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஏப்ரலில் அம்மா வந்தார். ஆறு மாதம் இருப்பார். வந்த மறுவாரமே பின்பக்கம் மண்ணைக் கொத்திப் புடலையும் பாகலும் அவரையும் ஊன்றிவிட்டார். கொடி ஏறுவதற்கு நான்தான் இரும்புக் கம்பம் நட்டு, மேலே கம்பி வலை கட்டிப் பந்தல் போட்டேன். வேலி ஆறடி, பந்தல் ஏழரை அடி. பின்சந்தில் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு மேல் ஒன்றரை அடி தெரியும்.

மே மாதம் எச்ஓஏவிடமிருந்து, அதாவது எங்கள் காலனி வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து, ஒரு கடிதம்: அனுமதி இல்லாத கட்டுமானம், பத்து நாளில் அகற்றவும். எங்கள் வேலிக்குள்தானே இருக்கிறது என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 2-ம் தேதியிட்டு ரெஜிஸ்டர் தபாலில் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. 100 டாலர் அபராதம், எடுக்காவிட்டால் வாரத்துக்கு 100, கடிதச் செலவு 30. மூன்று வீடு தள்ளி ஒருவர் மரத்தில் பெர்கோலா (தூண் வைத்த அலங்காரப் பந்தல்) கட்டியிருக்கிறார். அதுவும் வேலிக்கு மேலேதான் நிற்கிறது. அவருக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம புறவாசல்ல பந்தல் போடுததுக்கு யாருட்ட கேக்கணும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜூலை 1-ம் தேதி சங்கத்துக்கு அரையாண்டுக் கட்டணம் 420 டாலர் கட்ட வேண்டும். இந்தப் பிரச்சினை முடியும் வரை அதைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறேன். அவர்களுக்கு வலிக்கிற இடம் அதுதானே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கேட்டி செல்வி | ஜூன் 8

தம்பி, மற்றது எல்லாம் அப்புறம் பேசலாம். கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

2019-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் மதுரையில் ஐந்து மாதம் இருந்தேன். வருடக் கட்டணம் 690 டாலர் கட்ட மறந்துபோனது. நினைவூட்டல், எச்சரிக்கை, வக்கீல் கடிதம் எல்லாம் பூட்டிய வீட்டுக்கு வந்து விழுந்திருக்கின்றன. திரும்பி வந்தபோது பாக்கி 2,300-ஐத் தாண்டியிருந்தது. ஏறியதில் பெரும்பகுதி வக்கீல் கட்டணம். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்த வாரத்தில் அந்தக் கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வேறு யாருக்கும் அது வர வேண்டாம்.

டெக்சாஸில் அபராதமும் கட்டணமும் ஒன்றல்ல. மாநிலச் சொத்துச் சட்டமான பிராப்பர்ட்டி கோடில் 209-ம் அத்தியாயத்தைப் படியுங்கள். வெறும் அபராதத்துக்காகவோ, அந்த அபராதத்தை ஒட்டி வந்த வக்கீல் செலவுக்காகவோ உங்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. 209.009-ம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் கட்டணப் பாக்கிக்காகக் கொண்டுபோக முடியும். நீங்கள் 420 டாலரை நிறுத்திய நிமிடத்தில், அவர்களால் வீட்டைத் தொட முடியாத ஒரு சண்டையை வீட்டைத் தொடக்கூடிய சண்டையாக நீங்களே மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பும் பணத்தை முதலில் அபராதத்தில் கழித்துவிட்டு, "கட்டணம் இன்னும் பாக்கி" என்று சொல்லவும் முடியாது. முதலில் பழைய கட்டணம், பிறகு நடப்புக் கட்டணம், அபராதம் அதற்கெல்லாம் பிறகு என்று சட்டமே வரிசை போட்டிருக்கிறது. தவணை ஒப்பந்தம் போட்டுத் தவறியவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு போகும். அதனால் 420-ஐ முழுதாகக் கட்டுங்கள், ரசீதை எடுத்து வையுங்கள்.

நெல்லைக்காரன் | ஜூன் 8

அக்கா, அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அந்தப் பாக்கியை எப்படி அடைத்தீர்கள்?

கேட்டி செல்வி | ஜூன் 9

தவணையில். 14 வீட்டுக்கு மேல் இருக்கிற சங்கம் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் தர வேண்டும். நான் கெஞ்சி ஆறு மாதம் வாங்கினேன். அந்த ஆறு மாதமும் தேதி தவறவில்லை.

எங்கள் பக்கம் பழைய ஆட்களுக்கு ஒரு சம்பவம் மறக்காது. 2001-ல் ஹூஸ்டனில் 80 வயதைத் தாண்டிய ஒரு விதவை. ஏறக்குறைய 800 டாலர் பாக்கிக்கு, ஒன்றரை லட்சம் டாலர் வீடு 5,000 டாலருக்கு ஏலம் போனது. ஊரே கொதித்தது. அந்தக் கோபம் இருந்த வருடத்தில்தான் இந்த 209-ம் அத்தியாயமே வந்தது. ஏலம் போன பிறகும் 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம் என்ற உரிமை அதில் இருக்கிறது. அப்படியும் தீரவில்லை. 2008-ல் உங்கள் பக்கத்துப் பிரிஸ்கோ ஊரிலேயே, ராணுவ வீரர் ஒருவர் ஈராக்கில் இருந்தபோது 800 டாலர் சொச்சத்துக்கு 3 லட்சம் டாலர் வீட்டை விற்றுவிட்டார்கள். 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது. இப்போது ஏலத்துக்கு முன் கோர்ட் உத்தரவு வேண்டும். முன்பு பல சங்கங்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

ரவுண்ட்ராக் குமார் | ஜூன் 9

நான் எங்கள் காலனிச் சங்கத்தின் போர்டில் (நிர்வாகக் குழுவில்) மூன்றாவது வருடமாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. செல்வி அக்கா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி. நோட்டீஸை எப்படிக் கையாள்வது என்று நான் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தபாலில் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் "ஹியரிங் வேண்டும்" என்று கேட்கலாம். முன்பு கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினார்கள். பிறகு மாற்றிவிட்டார்கள், பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள். உங்களுக்குக் கடைசி நாள் ஜூலை 2. ஈமெயில் மட்டும் போதாது, ரெஜிஸ்டர் தபாலும் அனுப்புங்கள். கேட்டால் 30 நாளுக்குள் போர்டு உங்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பு, அவர்கள் காட்டப் போகிற படங்கள், ஆவணங்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தராவிட்டால் 15 நாள் தள்ளிவைப்பு உங்களுக்குத் தானாகக் கிடைக்கும். அன்றைக்கு முதலில் அவர்கள் பேச வேண்டும், பிறகு நீங்கள். ஒலிப்பதிவு செய்யலாம், அதற்கு உரிமை உண்டு.

கூடவே இன்னொரு கடிதம்: ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று 209.005-ன்படி ரெஜிஸ்டர் தபாலில். பத்து வேலை நாளில் பதில் வர வேண்டும். அபராதக் கொள்கையைக் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து எழுதி வைத்த அபராதக் கொள்கை இல்லாமல் அபராதம் போட முடியாது, எந்த மீறலுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும். "வாரம் 100" என்பது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி போர்டுக்காரனாக ஒன்று. உங்கள் பந்தலைப் பார்த்தது பெரும்பாலும் போர்டாக இருக்காது. மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள் மாதம் ஒருமுறை காரில் ஒரு சுற்று வருவார், படம் எடுப்பார், மென்பொருளே கடிதம் அடித்து அனுப்பும். எங்கள் ஊரில் போன மாதம் 38 கடிதம் போயிருக்கிறது, அதில் போர்டு கண்ணில் பட்டது நான்குதான். உங்களைப் பற்றி அங்கே யாருக்கும் கோபம் இருக்காது. நேரில் ஒரு மனிதராகப் போய் நில்லுங்கள்.

மூன்றாவது வீட்டுப் பெர்கோலாவைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள். அவர் அனுமதி வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் உங்கள் வாதம் விழுந்துவிடும், வாங்காவிட்டால் ஒரு பக்கத்து வீட்டுக்காரரை இழப்பீர்கள். அதற்குப் பதிலாக, வேலிக்கு மேல் உயரும் அமைப்புகளுக்கு இதுவரை கொடுத்த அனுமதிகளைக் கேளுங்கள். சங்கத்தின் முடிவு நியாயமானது என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். தன்னிச்சையானது, பாரபட்சமானது என்று காட்டுகிற சுமை உங்களுடையது. அதைக் காட்ட அந்தக் காகிதங்கள் வேண்டும்.

டென்டன் பாரி | ஜூன் 10

எல்லாரும் படிவம் நிரப்புவது எப்படி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வேறு கேட்கிறேன். சொந்தப் பணத்தில் வாங்கிய மண்ணில் ஒரு காய்கறிக் கொடி ஏற இன்னொருவர் கையெழுத்து எதற்கு?

இந்த ஏற்பாட்டின் வேரைப் பாருங்கள். பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி அக்கம்பக்கத்தைக் கட்டுப்படுத்துகிற இதே வழியில்தான் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் யூதர்களுக்கும் வீடு விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். 1948-ல் உச்ச நீதிமன்றம், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், கோர்ட்டுகள் அதை அமல்படுத்தக் கூடாது என்றது. அப்படி எழுதுவதே சட்ட விரோதம் என்று ஆனது 1968-ல். இன்றைக்கு யாரும் இனத்தை எழுதுவதில்லை, உண்மை. ஆனால் "அக்கம்பக்கத்தின் தோற்றம்" என்ற சொல்லுக்குள் யாருடைய தோட்டம் அழகு, யாருடைய தோட்டம் குப்பை என்ற முடிவு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ரோஜாவுக்குக் கட்டிய வளைவு அலங்காரம், புடலைக்குக் கட்டிய பந்தல் கட்டுமானம். இது என் மனதை உறுத்துகிறது.

நான் எச்ஓஏ இல்லாத பழைய வீட்டைத் தேடி எட்டு மாதம் அலைந்து வாங்கினேன். சமையலறை சிறியது, கூரை பழையது. ஆனால் முருங்கை நிற்கிறது. ஒவ்வொரு குளிரிலும் தண்டு வரை கருகி, ஏப்ரலில் அடியிலிருந்து துளிர்க்கிறது.

ரவுண்ட்ராக் குமார் | ஜூன் 10

பாரி, வரலாற்றில் நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இன்றைய நிலைக்கு ஊராட்சிகளுக்கும் பங்கு உண்டு. புதுக் காலனி வரும்போது மழைநீர்க் குட்டை, பூங்கா, சுற்றுச்சுவர், சில இடங்களில் தெருவையும்கூடச் சங்கத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நகரம் வரி வாங்கும், பராமரிப்பை நாம் செய்வோம். எங்களிடம் 412 வீடு, ஒரு நீச்சல் குளம், இரண்டு குட்டை. குட்டைக் கரை சரிந்தால் யார் கட்டுவது? சங்கத்தைக் கலைத்தால் அந்தக் கேள்வி நம் தெருவிலேயே நிற்கும். பொதுச் சொத்தைப் பராமரிப்பதும் உங்கள் வாசல் நிறத்தைப் பார்ப்பதும் ஒரே கையில் இருப்பதுதான் கோளாறு என்றால், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

டென்டன் பாரி | ஜூன் 10

அந்தக் கடைசி வரியைத்தான் நான் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பா தேவி | ஜூன் 11

குமார் சார் சொன்னதற்கு ஒரு வார்த்தை. நான் புளோரிடாவில் அடுக்குமாடியில் இருக்கிறேன். தனி வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் என்றால் புல்லும் பெயின்டும். எங்களுக்கு அது உயிர். 2021 ஜூன் 24, விடியற்காலை, மயாமி பக்கம் சர்ஃப்சைடில் 12 மாடிக் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே பொறியாளர் கான்கிரீட் சேதத்தைப் பற்றி அறிக்கை கொடுத்திருந்தார். பழுது பார்க்க 15 மில்லியன் டாலர், யார் எவ்வளவு கட்டுவது என்ற இழுபறி வருடக்கணக்கில் போனது. கட்டணத்தை உயர்த்தாதே என்று கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அதற்குப் பிறகு போடவில்லை.

இப்போது மாநிலமே கட்டாயமாக்கிவிட்டது: பழைய உயர்ந்த கட்டிடங்களுக்குச் சோதனை, பழுதுக்கான நிதியைத் தனியே சேர்ப்பது. மாதக் கட்டணம் ஏறியதில் பென்ஷனில் இருப்பவர்கள் விற்றுவிட்டுப் போகிறார்கள். அதுவும் பெரிய வேதனை. பந்தலுக்கு இது சம்பந்தம் இல்லைதான், ஆனால் சங்கமே வேண்டாம் என்று பேச்சு போனதால் எழுதினேன்.

மாலா, மேரிலாந்து | ஜூன் 12

நெல்லைக்காரன் அண்ணா, உங்களுக்குத் தெம்பு தரக்கூடிய ஒன்று. இங்கே கொலம்பியாவில் ஒரு தம்பதி புல்வெளியை எடுத்துவிட்டு, பூச்சிமருந்தே இல்லாமல் உள்ளூர்ச் செடிகள் வளர்த்தார்கள். தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுப் புகார், 2017-ல் சங்கத்தின் கடிதம், வழக்கு. மூன்று வருடத்துக்குப் பிறகு 2020 இறுதியில் சமரசம் ஆனது, தோட்டம் பெரும்பாலும் நின்றது. அந்த வழக்கைப் பார்த்துத்தான் 2021-ல் மேரிலாந்தில் சட்டமே வந்தது. இப்படிப்பட்ட தோட்டத்தை எடுத்துவிட்டுப் புல் போடச் சொல்லி இங்கே எந்தச் சங்கமும் வற்புறுத்த முடியாது.

சான்ஹோசே சந்துரு | ஜூன் 12

கலிபோர்னியாவில் பின்பக்கம் சொந்த உபயோகத்துக்குக் காய்கறி போடுவதை எச்ஓஏ தடுக்க முடியாது. 2014 சட்டம். நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம், தடை கூடாது. டெக்சாஸில் சொட்டு நீர், மழைநீர்ப் பீப்பாய், எரு தொட்டி, வறட்சி தாங்கும் செடிகள் இவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பிராப்பர்ட்டி கோட் 202.007-ம் பிரிவு. புடலை அதற்குள் வராது என்றுதான் நினைக்கிறேன். அந்த வழியில் வாதாடிப் பொழுதை வீணாக்க வேண்டாம்.

அல்லி | ஜூன் 13

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். ஆஸ்டினில் புது வீடு. வாசலில் மாவிலைத் தோரணமும் சின்னப் பிள்ளையாரும் வைத்திருக்கிறோம். இதற்கும் கடிதம் வருமா?

ரவுண்ட்ராக் குமார் | ஜூன் 13

வந்தாலும் நிற்காது அம்மா. அதே சட்டத்தின் 202.018-ம் பிரிவு இருக்கிறது. முன்பு வாசலில் 25 சதுர அங்குலம் வரைதான் என்று இருந்தது, 2021-ல் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். மனதார நம்புகிற மத அடையாளத்தை உங்கள் வீட்டிலும் உங்கள் நிலத்திலும் வைக்கலாம். பொது இடத்தில் வைக்கக் கூடாது, எல்லைக்கோட்டுத் தூர விதியை மீறக் கூடாது.

நெல்லைக்காரன் | ஜூன் 21

420 டாலரைக் கட்டிவிட்டேன். இரண்டு ரெஜிஸ்டர் தபாலும் போட்டாயிற்று. எழுதும்போது கை நடுங்கியது. இந்த நாட்டில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன், ஒரு சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பந்தலை எடுக்கவில்லை. பாகல் பூ விட்டிருக்கிறது.

நெல்லைக்காரன் | ஜூலை 12

ஆவணங்கள் வந்துவிட்டன. மூன்று விஷயம் தெரிந்தது. அபராதக் கொள்கையில் இந்த வகை மீறலுக்கு முதல் தடவை 50, இரண்டாவது 100 என்றுதான் இருக்கிறது. வாரக் கணக்கு எங்கேயும் இல்லை. பெர்கோலாவுக்கு அவர் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார், எட்டடி உயரம், வேலியிலிருந்து ஐந்தடி உள்ளே. குமார் சார், புகார் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எவ்வளவு நல்லது. மூன்றாவது, எங்கள் விதியில் "கொடிப் பந்தல்" என்று தனியே ஒரு வரி இருக்கிறது, விண்ணப்பம் கொடுத்தால் அனுமதிக்கலாம் என்று. வீடு வாங்கும்போது 70 பக்கம் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

கேட்டி செல்வி | ஜூலை 12

யாரும் படிப்பதில்லை தம்பி. இப்போதே விண்ணப்பமும் கொடுத்துவிடுங்கள், ஹியரிங்குக்கு முன்பு. படம் வரைந்து, அளவு போட்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதற்கும் ஒரு ஹியரிங் உண்டு. 40 வீட்டுக்கு மேல் என்றால் போர்டு ஆட்களோ அவர்கள் வீட்டாரோ விண்ணப்பத்தைப் பார்க்கிற கமிட்டியில் உட்கார முடியாது.

நெல்லைக்காரன் | ஜூலை 25

நேற்று ஹியரிங். நூலகத்தின் பின்னறை. போர்டில் மூன்று பேர், மேனேஜ்மென்ட் கம்பெனிப் பெண் ஒருவர். அவர் படங்களைக் காட்டினார், மரியாதையாகத்தான் பேசினார். நான் அபராதக் கொள்கையின் அந்தப் பக்கத்தை நீட்டினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வாரக் கணக்கு தவறு என்று அங்கேயே சொன்னார்கள்.

அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்திருந்தார். ஒரு புடலங்காயைப் பையில் போட்டுக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. கூட்டம் முடிந்ததும் அதைத் தலைவர் முன்னால் வைத்தார். அவர் வயதானவர், டெக்சாஸ்காரர். அவருடைய பாட்டி ஓக்ரா போட்டுக் கொடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு: அபராதமும் கடிதச் செலவும் ரத்து. பந்தலை வேலியிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ள வேண்டும். அவரைக்காய் முடியும் வரை அவகாசம் கேட்டேன், நவம்பர் 30 வரை கொடுத்தார்கள். எழுத்தில் வாங்கிவிட்டேன்.

டென்டன் பாரி | ஜூலை 25

மனம் நிறைந்தது. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் தலைவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால்?

ரவுண்ட்ராக் குமார் | ஜூலை 26

அந்தக் கேள்வி சரியானது. அப்போது 209-ம் அத்தியாயத்தை மீறியதற்குச் சின்ன வழக்குகளைப் பார்க்கிற ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் அதற்கு முன்னால் தேர்தல் இருக்கிறது. கட்டணப் பாக்கி இருந்தால்கூட ஓட்டுரிமையைப் பறிக்க முடியாது. எங்கள் 412 வீட்டில் போன வருடாந்திரக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். நான் ஜெயித்தது 31 ஓட்டில், ப்ராக்ஸியும் (வராதவர் எழுதிக் கொடுத்து இன்னொருவர் போடும் ஓட்டு) சேர்த்து. நம் ஆட்கள் குறைந்தது 60 வீடு இருக்கிறோம். அன்றைக்கு வந்தது என்னையும் சேர்த்து இரண்டு பேர்.

நெல்லைக்காரன் | அக்டோபர் 6

அம்மாவுக்கு 9-ம் தேதி விமானம். பொழுது குறையத் தொடங்கியதும் அவரைக் கொடி இப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது, ஊதா நிறம். காய் பறிக்க அம்மா இருக்க மாட்டார். தினமும் சாயங்காலம் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். புதுப் பந்தலுக்கு இடத்தை அவரே காலடியால் அளந்து நான்கு செங்கல் வைத்திருக்கிறார். விண்ணப்பத்துக்கு அனுமதிக் கடிதம் போன வாரம் வந்தது.

எங்கள் வருடாந்திரக் கூட்டம் நவம்பர் 13. தெருவில் ஏழு தமிழ்க் குடும்பம், மூன்று தெலுங்குக் குடும்பம். ஊரில் இல்லாதவர்களுக்காகப் ப்ராக்ஸி படிவத்தை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். இதுவரை நான்கு திரும்பி வந்திருக்கிறது. பெர்கோலா வீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் நேரிலேயே வருகிறாராம்.